'ஒரிஜினல்' சரக்கு

டிஸ்கி: தலைப்பைப் பார்த்துவிட்டு வேறு எதையோ எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். படமும் கிடையாது, சுட்டியும் கிடையாது. பதினெட்டு வயது ஆகாதவர்கள் வேறு பதிவுக்குப் போய்விடலாம்.

நீலப்படம் பார்க்கிறவர்களிடம் ஒரு விநோதமான சத்திய வேட்கை உண்டு. சினிமாவில் ஹீரோ ஒற்றை ஆளாக நூறு பேரைப் பந்தாடினால் விசிலடிக்கிறவன், டிவி ரியாலிட்டி ஷோவில் வடிவது கிளிசரின் கண்ணீர் என்று தெரிந்தே உட்கார்ந்து பார்க்கிறவன், இந்த ஓர் இடத்தில் மட்டும் "நடிப்பாக இருக்கக் கூடாது" என்று அடம்பிடிக்கிறான். ஸ்டுடியோ விளக்கு வேண்டாம், பூசி மெழுகிய உடம்பு வேண்டாம், ஒத்திகை பார்த்த சத்தம் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி இருக்க வேண்டும். கேமரா கொஞ்சம் ஆட வேண்டும். பின்னால் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்க வேண்டும். அவளுக்குக் கூச்சம் இருக்க வேண்டும், அந்தக் கூச்சம் நிஜமாக இருக்க வேண்டும்.

இந்த ரகத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் அமெச்சூர். சொல்லின் லத்தீன் வேரைத் தோண்டினால் 'நேசிப்பவர்' என்று வருகிறது. காசுக்கு இல்லாமல் ஆசைக்காக ஒரு காரியம் செய்கிறவர். இன்றைக்கு அது கடையில் ஓர் அலமாரியின் பெயர், அவ்வளவுதான்.

ஹாஸ்டல் அறைகளில் இது பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாதம் தவறாமல் எழும். "கம்பெனி எடுக்கிற படம்தான் மச்சி சுரண்டல். அமெச்சூர்ல அந்தப் பிரச்சினையே இல்ல. சாதாரண ஜனங்க, அவங்களா எடுத்து அவங்களா போடறாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சொல்கிறவன் கொஞ்சம் படித்தவனாக இருந்தால், இதில் எல்லா விதமான உடம்புக்கும் இடம் இருக்கிறது, போலி அழகுக்கு எதிரான ஜனநாயகம் இது என்று ஜல்லியும் அடிப்பான். ஆனால் இந்த வாதம் தலைகீழாக நிற்கிறது. ஒரு பெண் நடிக்கிறாள் என்றால் தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். நடிக்கவில்லை என்றால் அவளுக்கு என்ன தெரியும், யார் என்ன சொல்லிக் கூட்டிவந்தார்கள் என்பது பார்க்கிறவனுக்குத் தெரியவே தெரியாது.

தொடக்கம் அவ்வளவு மோசமில்லை. எண்பதுகளில் வீட்டு வீடியோ கேமரா பரவியபோது அமெரிக்காவில் சில தம்பதிகள் தங்களைத் தாங்களே படமெடுத்து, அதே ஆர்வமுள்ள மற்றவர்களோடு கேசட் மாற்றிக்கொண்டார்கள். 1982ல் தொடங்கிய ஹோம்குரோன் வீடியோ என்கிற நிறுவனம் வளர்ந்தது இந்த ஆர்வத்தை நம்பித்தான். பிறகு 1996ல் டிக்கின்சன் கல்லூரி மாணவி ஜெனிஃபர் ரிங்லி தன் விடுதி அறையில் ஒரு வெப்கேம் வைத்தார். ஜென்னிகேம். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் அசையாப் படம் இணையத்தில் ஏறும். அவர் படிப்பது, தூங்குவது, துவைத்த துணியை மடிப்பது, எப்போதாவது அந்தரங்கம். ஏழு வருஷத்துக்கு மேல் ஓடி 2003 டிசம்பர் 31ல் அவரே நிறுத்திவிட்டார். கேமரா அவருடையது, சுவிட்ச் அவர் கையில். அமெச்சூர் என்கிற சொல்லுக்கு நியாயம் செய்தது அதுதான். ஆனால் அந்தத் தளத்துக்குப் போனவர்களுக்குப் பெரும்பாலான நேரம் காணக் கிடைத்தது ஒரு காலி அறை. நிஜம் அப்படித்தான் இருக்கும், முக்கால்வாசி நேரம் ஒன்றும் நடக்காது. காலி அறையை வைத்து ஒரு தொழிற்சாலை நடத்த முடியாது.

எனவே வியாபாரி நிஜத்தின் வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டான். அந்த வாசனையிலேயே விலை அதிகமானது 'முதல் தடவை'. இந்தச் சரக்கின் கணக்கைக் கொஞ்சம் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நடிகை நூறு படத்தில் நடிக்கலாம். முதல் தடவையை ஒரு பெண்ணிடமிருந்து ஒரே ஒரு தடவைதான் எடுக்க முடியும். அடுத்த வாரம் இன்னொருத்தி வேண்டும், அதற்கடுத்த வாரம் இன்னொருத்தி. அதுவும் இந்தத் தொழிலில் இருக்க விருப்பமே இல்லாத பெண்ணாக இருக்க வேண்டும். விருப்பம் உள்ளவள் நாளைக்கே இன்னொரு கம்பெனி படத்தில் தலைகாட்டி ஒரிஜினாலிட்டியைக் கெடுத்துவிடுவாள். சரி, விருப்பமில்லாத பெண்ணை வாராவாரம் எப்படிக் கொண்டுவருவது? அள்ளிக் கொடுத்துக் கூப்பிடலாம். அதைவிடப் பல மடங்கு மலிவு, பொய் சொல்லிக் கூப்பிடுவது.

இது வெறும் ஊகக் கணக்கு இல்லை. கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் கேர்ள்ஸ் டூ போர்ன் என்று ஒரு தளம் இருந்தது. நடத்தியவர் மைக்கேல் பிராட், நியூசிலாந்துக்காரர். கூட அவருடைய சிறுவயது நண்பர் ஒருவர், ஆள் பிடிப்பதோடு படத்தில் ஆணாக வருவதும் தொழிலாகக் கொண்ட இன்னொருவர். தொழில்முறை நடிகைகள் கிடையாது, 18லிருந்து 22 வயதுவரையான சாதாரணப் பெண்கள், வாழ்க்கையில் இந்த ஒரு வீடியோ மட்டும்தான் என்பது அவர்கள் விளம்பரம். கொடுமை என்னவென்றால், அந்த விளம்பரம் பெரும்பாலும் உண்மை. பொய் சொல்லப்பட்டது வாடிக்கையாளனுக்கு இல்லை.

கிரெய்க்ஸ்லிஸ்டில் மாடலிங் வேலை என்று விளம்பரம் வரும். உடுத்திய உடையோடு செய்கிற சாதாரண மாடலிங் என்கிற தோற்றம். விண்ணப்பிக்கிறவர்களில் நிறையப் பேர் கல்லூரி மாணவிகள், ஃபீஸுக்கும் வாடகைக்கும் பணம் தேவைப்பட்டவர்கள். பேச்சு கொஞ்சம் வளர்ந்த பிறகே உண்மையான வேலை என்ன என்று சொல்லப்படும். பெண் பின்வாங்குவாள். அப்போது உத்தரவாதங்கள் வரிசையாக வரும். இணையத்தில் வரவே வராது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மாதிரி தூர தேசங்களில் தனிப்பட்ட சேகரிப்பாளர்களுக்கு டிவிடியாகப் போகும். பெயர் எங்கேயும் இருக்காது. அமெரிக்காவில் தெரிந்தவர் யாரும் பார்க்க வழியில்லை. இவ்வளவு சொல்லியும் நம்பிக்கை வரவில்லையா? "ஏற்கனவே செய்த ஒரு பெண்ணிடமே பேசிப்பார்" என்று ஒரு போன் நம்பர். அந்த முனையில் பேசுகிற பெண், எல்லாம் பத்திரம் என்று சொல்வதற்குக் கூலி வாங்கிக்கொண்டவள்.

விமான டிக்கெட் வரும். சான் டியாகோவில் ஹோட்டல் அறை. படித்துப் பார்க்க அவகாசம் தராமல் காகிதக் கட்டில் கையெழுத்து. பேசிய தொகையை அங்கே வைத்துக் குறைத்ததும் உண்டு. பாதியில் வேண்டாம் என்றவர்களிடம், வழக்குப் போடுவோம், திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்துவிடுவோம் என்கிற மிரட்டல். தெரியாத ஊர், பூட்டிய அறை, பத்தொன்பது இருபது வயது.

அதற்குப் பிறகு வீடியோ நேராக இணையத்துக்கே போனது. முழுப்படம் அவர்கள் தளத்தில், விளம்பரத் துண்டு போர்ன்ஹப் போன்ற இலவசத் தளங்களில். பெண்ணின் உண்மைப் பெயரை யாரோ கண்டுபிடித்துப் போடுவார்கள். குடும்பத்துக்கும், வகுப்புத் தோழர்களுக்கும், வேலை செய்கிற இடத்துக்கும் சுட்டிகள் பறக்கும். படிப்பை விட்டவர்கள், ஊரை விட்டவர்கள், பெயரையே மாற்றிக்கொண்டவர்கள், சாகத் துணிந்தவர்கள் எல்லாரும் அந்த வழக்கின் சாட்சியங்களில் இருக்கிறார்கள்.

2016ல் நான்கு பெண்கள் சிவில் வழக்குத் தொடுத்தார்கள். விசாரணைக்கு வந்தபோது 22 பேர். 2019ல் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பிராட் நாட்டைவிட்டு ஓடினார். 2020 ஜனவரியில் சுமார் 1 கோடியே 27 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதற்குள் கூட்டாட்சி அரசும் ஆள்கடத்தல் வழக்குப் போட்டிருந்தது. எஃப்.பி.ஐ. தேடும் முதல் பத்துப் பேர் பட்டியலில் 2022ல் சேர்க்கப்பட்டு, அந்த டிசம்பரில் ஸ்பெயினில் பிடிபட்டு, 2025 செப்டம்பரில் பிராட் 27 வருஷ சிறைத்தண்டனை பெற்றார். ஆள் பிடித்தவருக்கு ஏற்கனவே 20 வருஷம், நண்பருக்கு 14 வருஷம். இந்தத் தொழில் ஈட்டியதாக அரசுத் தரப்பு சொன்ன தொகை 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல்.

இனி அந்த வீடியோக்களை ரசித்தவன் பக்கம் வரலாம். தண்டனைப் பட்டியலில் அவன் இல்லை, இருக்கவும் முடியாது. அவன் கேட்டது நிஜம், கிடைத்ததும் நிஜம். திரையில் அவன் கண்டு மகிழ்ந்தது என்ன? தயக்கம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கேமராவுக்கு அப்பால் நிற்கிற ஆளைப் பார்க்கும் பார்வை. பாதியில் நின்றுபோகிற சிரிப்பு. இதற்கெல்லாம் ரசிகன் வைத்த பெயர் 'இயல்பு'. இதே தயக்கத்துக்கு நீதிமன்றம் வைத்த பெயர் மோசடி, பலவந்தம். தேர்ந்த நடிகையிடம் இந்தக் குறிகள் கிடைக்கவில்லை என்றுதான் அவன் இங்கே வந்தான். அவள் சௌகரியமாக இருப்பது அவனுக்குப் போலியாகத் தெரிந்தது. அசௌகரியம் அசலாகத் தெரிந்தது.

லிண்டா வில்லியம்ஸ் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் 1989லேயே இந்த வகைப் படங்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். உடம்பு தன்னையறியாமல் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைத்தான் இந்தப் படங்கள் துரத்துகின்றன என்பது அவர் வாதங்களில் ஒன்று. தன்னையறியாமல் என்பதுதான் இங்கே முக்கியம். அறிந்து, விரும்பி, கூலி பேசிக் கொடுத்தால் வாக்குமூலத்துக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது. போலீஸ் ஸ்டேஷனில் வாங்குகிற வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறது என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் யாரையாவது கேட்டால் விளக்குவார்கள். அந்தச் சந்தேகத்தில் நூறில் ஒரு பங்குகூட 'ஒரிஜினல்' ரசிகனுக்கு வருவதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ரோட்டில் போகிற பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து, வண்டியில் ஏற்றி, அங்கேயே சம்மதிக்க வைத்தது மாதிரியான வீடியோக்கள் ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டன. அமெரிக்காவில் 1988லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. இப்படிப் படமெடுக்கிறவர்கள், அதில் வருகிற ஒவ்வொருவரின் வயதையும் அடையாள அட்டை பார்த்து உறுதி செய்து, ஆவணத்தைக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். கோப்பு எந்த முகவரியில் இருக்கிறது என்பதையும் அறிவிக்க வேண்டும். ஆக, சட்டப்படி எடுத்த 'வழியில் பார்த்த பெண்' ஐ.டி. கார்டைக் காட்டி, படிவம் நிரப்பி வந்த பெண். கோப்பு இல்லையென்றால் அது குற்றம். அந்தத் தளங்கள் இதை அடியில் பொடி எழுத்தில் போட்டுத்தான் வைத்திருந்தன. படிக்கிற அவசரம் யாருக்கு? மேலே பெரிய எழுத்தில் இருக்கிற புளுகை நம்பத்தான் ஆசை.

இந்த விஷயத்தில் நம்ம ஊர் பிட்டுப் படம் எவ்வளவோ யோக்கியம். காலைக்காட்சி ஓடுகிற தியேட்டரில், சம்பந்தமில்லாத கதைக்கு நடுவே சம்பந்தமில்லாத நாலு நிமிஷ ரீலைச் செருகுவார்கள். முகம் வேறு, ரூம் வேறு, சில சமயம் நாடே வேறு. உட்கார்ந்திருந்த யாரும் அதை நிஜம் என்று நம்பவில்லை, நம்பும்படி யாரும் கேட்கவும் இல்லை. (அதில் வந்த பெண்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பது வேறு கேள்வி. அதற்கும் நல்ல பதில் இருக்காது.) சூளுரைத்து உண்மை என்று விற்கிற பழக்கம் பின்னால் வந்தது.

"பார்க்கிறவனுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்பார்கள். தெரியாது. அதேதான் பிரச்சினை. தெரியாமல் இருப்பதற்குத்தான் அவன் விருப்பம் தெரிவிக்கிறான். பெயர் போட்டு நடிக்கிற பெண்ணுக்குக் குறைந்தபட்சம் ஒரு பெயர் இருக்கிறது. பேட்டியில் பேசலாம், தன்னை ஏமாற்றிய கம்பெனியைப் பற்றி ஊருக்குச் சொல்லலாம், இன்னாரோடு நடிக்க மாட்டேன் என்று மறுக்கலாம். பெயரில்லாத 'நிஜப் பெண்'ணுக்கு இது எதுவும் இல்லை. அவள் பேச ஆரம்பித்த நிமிஷமே பெயர் வெளியே வந்துவிடும். அவளைப் பேசவிடாமல் செய்வதும், அவளை அசலாகக் காட்டுவதும் ஒரே பெயரின்மைதான்.

2020 டிசம்பரில் இது கிட்டத்தட்ட பரிசோதனையாகவே நடந்தது. நியூயார்க் டைம்ஸில் நிக்கோலஸ் கிறிஸ்டாஃப் போர்ன்ஹப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சிறார் வன்கொடுமைப் பதிவுகள் உட்பட, சம்மதமில்லாத வீடியோக்கள் அங்கே இருப்பதையும், பாதிக்கப்பட்டவர்கள் அழிக்கச் சொல்லிப் போராடுவதையும் சொன்ன கட்டுரை. விசாவும் மாஸ்டர்கார்டும் கையை உதறின. சில நாட்களில் அந்தத் தளம், சரிபார்க்கப்படாத ஆட்கள் ஏற்றிய வீடியோக்கள் அத்தனையையும் எடுத்தது. போனது லட்சக்கணக்கில். தளத்தில் இருந்ததில் பெரும்பகுதியே அதுதான். யார் ஏற்றியது, யார் இருப்பது, அவருக்குத் தெரியுமா என்று தளத்துக்கே சொல்லத் தெரியாத அந்தக் குவியலைத்தான் "ஜனங்க அவங்களா போடறாங்க" என்று ஹாஸ்டல் அறையில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தளத்தின் தாய் நிறுவனமும் 2023 டிசம்பரில், கேர்ள்ஸ் டூ போர்ன் வீடியோக்களால் ஆதாயம் அடைந்ததை ஒப்புக்கொண்டு, அரசுக்கு 18 லட்சம் டாலருக்கு மேல் கட்டவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு தரவும் சம்மதித்து அரசுத் தரப்போடு உடன்பாடு செய்துகொண்டது.

இப்போது ஓன்லிஃபேன்ஸ் வந்துவிட்டதே, பெண்ணே முதலாளி, 20 சதவீதம் தளத்துக்கு, மிச்சம் அவளுக்கு, இனியென்ன குறை என்று அடுத்த வாதம். ஏமாற்றி அழைத்துவரும் தரகனுக்கு வேலை குறையும் என்ற அளவில் நல்லதுதான். ஆனால் 'ஒரிஜினல்' பித்து அங்கேயும் தன் வேலையைக் காட்டுகிறது. அங்கே வீடியோவைவிட அதிகம் விலைபோவது அரட்டை. அவளே தனக்குப் பதில் எழுதுகிறாள் என்கிற நினைப்பு. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒருத்தி எப்படி எழுத முடியும்? அதனால் அவள் பெயரில் எழுதுவதற்கென்றே ஏஜென்சிகள் ஆள் வைத்திருக்கின்றன. ஷிஃப்டு முறையில், மணிக்கணக்குக் கூலிக்கு, வேறு நாட்டில் உட்கார்ந்து, பல சமயம் ஆண்களே தட்டச்சு செய்கிறார்கள். 2022ல் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாகவே எழுதியது. 2024ல் சந்தாதாரர்கள் சிலர் கலிபோர்னியாவில் வழக்கே தொடுத்தார்கள், தாங்கள் ஏமாற்றப்பட்டதாக. ஏமாற்றம் எவ்வளவு வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, தெரியவேண்டிய பக்கத்திலிருந்து அல்ல என்றாலும்.

தமிழில் தேடுகிறவர்களுக்கு 'ஒரிஜினல்' என்பதற்கு வேறு லேபிள்கள். லீக் ஆனது, ஹாஸ்டலில் எடுத்தது, காதலனே வெளியிட்டது. இந்த லேபிள்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் போதும். ஒவ்வொன்றும் ஒரு குற்றத்தின் வர்ணனை. இந்தியச் சட்டத்தில் 2013லேயே எழுதிவைத்தது இது. தன்னைப் படமெடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அதை மூன்றாம் ஆளுக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். 2024ல் பழைய தண்டனைச் சட்டம் போய் நியாய சன்ஹிதா வந்தபோதும் அந்த வாசகம் கூடவே வந்தது. ஆனால் விற்கிறவன் அதே வாசகத்தைத் தரச் சான்றிதழாகப் போட்டுக்கொள்கிறான், அக்மார்க் முத்திரை மாதிரி. அவளுக்குத் தெரியாது, அதனால் இது நிஜம். வகுப்பு வாட்ஸப் குரூப்பில் இதை ஃபார்வேர்டு செய்கிறவன் தன்னைப் பிராட் கம்பெனியோடு சேர்த்து நினைக்க மாட்டான். அவன் காசு எதுவும் வாங்கவில்லையே. அதாவது அவன் அமெச்சூர்.

சான் டியாகோ பெண்களுக்கு இழப்பீட்டோடு இன்னொன்றும் கிடைத்தது. அந்த வீடியோக்களின் உரிமை அவர்களுக்கே உரியது என்று நீதிமன்றம் சொன்னது. உரிமைக்காரர் என்ற முறையில் இனி எந்தத் தளத்திலிருந்தும் எடுக்கச் சொல்லி அவர்களே நோட்டீஸ் அனுப்பலாம். அனுப்ப வேண்டுமானால் முதலில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தளத்தில் எடுத்தால் வேறு பெயரில் இன்னொன்றில் ஏறுகிறது. தேடுபெட்டியில் அவர்கள் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பது ரசிகர்கள் தட்டச்சு செய்கிற அதே சொற்களை: கல்லூரிப் பெண், அமெச்சூர், முதல் தடவை.